திருநம்பியரும் மக்கட்பேறும்

சென்ற பருவத்தின் இறுதியில் எமக்கு நன்னூற் சொல்லதிகாரம் பாடமாயிற்று. அதன் பெயரியலிலே பேடு என்னும் சொல்லைப் பற்றியதொரு சூத்திரம் உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாவர். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாவர். இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் வழங்கப்பெறுவர் என்பது அதன் பொருட் சுருக்கம். தேர்வில் வினவப்படும் சூத்திரம் அன்றாதலின், வகுப்பு ஐந்து நிமிடத்தில் அதனைக் கடந்து சென்றது. யாமோ அவ்விடத்திலேயே நின்றுவிட்டோம்.

மூன்றாவதாகக் கூறிய விதி எமக்கு உவப்பன்று; உவப்பன்மையால் அதனை மறைத்தலும் நேர்மையன்று. ஆயினும் முன்னிரண்டையும் நோக்குக. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தியார் சமண முனிவர். இல்லறத்தையும் மக்கட்பேற்றையும் துறந்தவர். அத்தகையார் ஒருவருடைய பாலைத் துணியப் புகுந்தபோது அவர்தம் உறுப்பினை வினவினாரல்லர், அவாவினை வினவினார். பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழ்வாரை இக்காலத்துத் தமிழ் திருநம்பி என்று அழைக்கின்றது. தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலிலும் அச்சொல் இடம்பெற்றது. நம்பி என்பது ஆடவருட் சிறந்தோனைக் குறிக்கும் பழஞ்சொல். ஆரூர்ப் புலவர்க்கும் குறுங்குடித் திருமாலுக்கும் வழங்கிய பெயர். சொல்லளவில் தமிழ் அவரை வறியராக விடவில்லை. ஆனால் சொல் கொடுத்த நாட்டிலே, அவர் ஒரு மகவுக்குத் தந்தையாதற்கு வழி கொடுத்தோமா என்பதே இக்கட்டுரையிலே யாம் ஆராயப் புகுவது.

எம் சபையின் ஓய்வுநாட் பாடசாலையில் எமக்குப் பாட்டுச் சொல்லித்தந்தவர் ஒருவர் உளர். அந்நாளில் அவரை அக்காள் என்றழைத்தோம். இந்நாளில் அண்ணன் என்றழைக்கின்றோம். இம்மாற்றத்துக்கு எம் நா இரண்டு கிழமை இடர்ப்பட்டது, அதன்மேல் இடர்ப்படவில்லை. அவர் தம் இருபத்திரண்டாம் வயதில் ஹார்மோன் ஊசி ஏற்கத் தொடங்கினார்; இருபத்துநான்காம் வயதில் ஒரு மருத்துவமனையில் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிக்கொண்டார். அறுவைக்கு முன்னர் அங்குள்ளோர் அவரை வினவியவை பல: இரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரை உண்டா, எப்பொழுது உண்டீர், கையொப்பமிட யாவர் வந்துளார் என்று வினவினர். நுமக்குப் பிள்ளைகள் வேண்டுமா என்று மட்டும் ஒருவரும் வினவிலர். இப்போது அவர்க்கு மனைவி உண்டு, வீடு உண்டு, வேலை உண்டு, வயது இருபத்தொன்பது. சென்ற கிறிஸ்து பிறப்புநாளன்று தங்கையின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் எம்மை நோக்கி, "தம்பி, நீ தமிழ் படிக்கின்றாயே; மலடி என்பதற்கு ஆண்பாற் சொல் உண்டா?" என்று வினவினார். இலக்கண மாணவர்க்குரிய விரைவோடு, "மலடன் என்பது உண்டு, அண்ணா" என்றோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் மலடர் அல்லர். வினவாது விட்டதொரு வினாவினால் பிள்ளைப்பேறு இழந்தவர்.

இனி மருத்துவர் கூறுவதைக் காண்போம். திருநம்பியர் பலர் டெஸ்டாஸ்டெரோன் என்னும் ஹார்மோனை ஊசியாலேனும் பசையாலேனும் ஏற்கின்றனர். சில திங்களில் குரல் தடிக்கின்றது. முகத்தில் மயிர் அரும்புகின்றது. மாதவிடாய் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. விடாய் நின்றமையால் சூலகமும் பட்டுப்போயிற்று என்று எண்ணுவோர் திருநம்பியருள்ளும் மருத்துவருள்ளும் உளர். அது பிழை. சூலகத்தில் முட்டைகள் இருந்தபடி இருக்கின்றன. மருந்து கொள்ளுங்காலத்திலேயே கருத்தரித்தாரும் உளராதலின், அம்மருந்தைக் கருத்தடைக்கு நம்புதல் ஆகாது. மருந்தை நிறுத்திய சில திங்களில் விடாய் மீளுதலே பெரும்பான்மை. கருவுற விரும்புவார் அதனை முன்னரே நிறுத்திவிடல் இன்றியமையாதது. கருவிலுள்ள சிசுவின், சிறப்பாகப் பெண்சிசுவின், வளர்ச்சியை அது திரிக்க வல்லது.

ஆகவே திருநம்பிக்கு வழிகள் பல. கருப்பையை இழவாதவர் தாமே சுமக்கலாம். தாம் சுமக்க விரும்பாதவர், மனைவி பெண்ணாயின், தம் முட்டையைக் கொடையாகப் பெற்ற விந்தணுவோடு ஆய்வகத்திற் சேர்ப்பித்து, அக்கருவை மனைவியின் கருப்பையில் வைத்து வளர்க்கலாம்; அக்குழந்தை இருவர்க்கும் உடலாலும் உரியதாகும். இணையர் திருநங்கையாயின், அவர்தம் விந்தணுவே உதவுதல் கூடும். அறுவை செய்துகொள்ள விரும்புவாரும் அதன் முன்னரே முட்டைகளை எடுத்துக் குளிரில் உறைவித்துச் சேமிக்கலாம். முட்டையினுள்ளே நீர் மிகுதி. மெல்லக் குளிர்வித்தால் பனிப்படிகங்கள் தோன்றி அதனைக் கிழித்துவிடும். ஆதலின் நீரை உறிஞ்சும் மருந்திலிட்டு, படிகம் தோன்றுதற்கும் பொழுதின்றிக் கண்ணாடிபோல் உறையுமாறு நொடியிற் குளிர்வித்து, சுழியத்துக்குக் கீழ் 196 பாகையிலுள்ள நைட்ரஜன் திரவத்தில் இடுகின்றனர். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இம்முறைக்கு இட்டிருந்த 'ஆய்வு நிலை' என்னும் அடையை 2012ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது.

இவ்வழி எளிதென்று யாம் கூறவில்லை. முட்டைகளை முதிர்விக்க ஏறக்குறைய 10 முதல் 14 நாள்வரை நாடோறும் ஊசி ஏற்றல் வேண்டும். அவ்வூசியால் ஈஸ்ட்ரோஜென் பெருகும். எந்த உடலை விட்டு நீங்க ஒருவர் பல்லாண்டு முயன்றாரோ அவ்வுடல் மீண்டும் வந்து வாயிலில் நிற்கும். முட்டை வளர்ச்சியை நோக்கும் கருவியைப் பெண்ணுறுப்பின் வழியே செலுத்துவது வழக்கம். அதனைப் பொறுத்தல் திருநம்பியர்க்குப் பெருந்துயர். ஈஸ்ட்ரோஜென் மிகாமற் காக்க லெட்ரோசோல் என்னும் மாத்திரை தருவதும், வயிற்றின் மேலிருந்தே கருவியால் நோக்குவதும் அறிந்த மருத்துவர் செய்யும் உதவிகள். பத்து முட்டை சேமித்தவர்க்குப் பத்துக் குழந்தை இல்லை. ஒன்றும் இன்றிப் போதலும் உண்டு. செலவோ தனியார் மருத்துவமனையில் ஒரு சுற்றுக்கு இலட்ச ரூபாயைக் கடக்கும். இத்தனையும் அறிந்தபின் 'எனக்கு வேண்டா' என்று ஒருவர் கூறின் அஃது அவர் உரிமை. அறியாமலே இழந்தவர்க்கு அவ்வுரிமை எங்கே? திருநர் நலத்துக்கான உலக மருத்துவச் சங்கம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிநூல், ஹார்மோன் தொடங்குமுன்னும் அறுவைக்கு முன்னும் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கலந்துரைத்தல் வேண்டும் என்கின்றது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளே இவ்வறுவையைக் கட்டணமின்றிச் செய்கின்றன. அது பாராட்டத்தக்கது. அறுவைக்குப் பணம் வேண்டாத இடத்தில் அரைமணிப் பேச்சுக்கு மட்டும் பஞ்சம் ஏன்?

நிற்க. மருத்துவம் திறந்த கதவைச் சட்டம் என் செய்தது என்று பார்ப்போம்.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே துணிதற்கு உரிமையுடையர் என்றும், அதற்கு அறுவையை வற்புறுத்தல் ஆகாதென்றும் தீர்ப்பளித்தது. பவணந்தியாரின் கருத்துக்கு நீதிமன்றம் வந்துசேர எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வந்த வழியிலேயே 2019ஆம் ஆண்டுச் சட்டம் சிறிது பின்வாங்கி, ஆண் அல்லது பெண் என்னும் சான்று வேண்டுவோர்க்கு அறுவையை நிபந்தனையாக்கிற்று. பின்னர் 2021ஆம் ஆண்டில் செயற்கை முறைக் கருத்தரிப்புக்கான சட்டம் ஒன்றும், வாடகைத் தாய்மைக்கான சட்டம் ஒன்றும் ஒருங்கே பிறந்தன. இவற்றுள் முன்னது இருவர்க்கே இடந்தருகின்றது: மணமாகிப் பிள்ளையில்லாத தம்பதியர், 21 வயது கடந்த பெண். திருநம்பி என்னும் சொல் அதில் இல்லை. அச்சொல்லாற் குறிக்கப்படும் மனிதரும் இல்லை.

இதன் விளைவு யாது? பதினெட்டு வயதில் ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்து ஹார்மோன் ஏற்கலாம். முட்டை சேமிக்கவோ இருபத்தொன்றுவரை காத்திருத்தல் வேண்டும். இருபத்தொன்று நிரம்பியபின் ஆணென்று சான்று பெற்றுச் சென்றால், 'நீர் பெண்ணல்லீர்' என்று கதவு சாத்தப்படும். சான்று பெறாமற் சென்றால், பெண்ணென்று எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். தந்தையாதற்கு ஒருவர் தம்மைப் பெண்ணென்று எழுதித்தர வேண்டிய இந்நிலையை எவ்வணியால் விளக்குவதென்று எமக்குத் தெரியவில்லை. இது வெறும் தருக்கமும் அன்று. 2025ஆம் ஆண்டில் ஒரு திருநம்பி தம் கருமுட்டைகளைச் சேமிக்க இசைவு வேண்டிக் கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தபோது, அச்சட்டத்தில் அவர்க்கு இடமில்லை என்பதே ஒன்றிய அரசு கூறிய மறுமொழி.

பிற நாட்டார் இதிலே தூயர் அல்லர். ஸ்வீடன் நாடு 1972ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டுவரை, பாலினப் பெயரை மாற்ற வேண்டுவோர் முதலில் மலடாக்கப்படுதல் வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. 2018ஆம் ஆண்டில் பிழையுணர்ந்து, அவ்வாறு துன்புற்றோர்க்கு ஈட்டுப்பணம் வழங்க இசைந்தது. ஜப்பானிய உச்சநீதிமன்றம் அத்தகைய விதியொன்றை 2023 அக்டோபரிலேதான் செல்லாதென்றது. நம் நாட்டில் அப்படியொரு விதி வெளிப்பட எழுதப்பட்டதில்லை. வினா வினவாமையும் வழி விடாமையும் சேர்ந்து அதே வேலையைச் செய்துவிடுகின்றன.

கோழிக்கோட்டில் நிகழ்ந்ததை நம் மாணவர் பலர் செய்தித்தாளிற் படித்திருப்பர். 2023 பெப்ரவரியில் அந்நகரத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு திருநம்பி குழந்தை ஈன்றார். அவர் துணைவி திருநங்கை. அவர் கருப்பை அகற்றப்படாமல் இருந்தமையால் ஹார்மோனை இடையில் நிறுத்திக் கருவுற்றார். இருவரும் முதலில் தத்தெடுக்கவே எண்ணி, சட்டச் சிக்கலால் அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர் என்று செய்தித்தாள்கள் கூறின. பிறந்தபின் எழுந்தது பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஈன்றவரைத் தாய் என்றும் மற்றவரைத் தந்தை என்றும் எழுதினர். தந்தையாக வாழ்பவர் தாயாகவும், தாயாக வாழ்பவர் தந்தையாகவும் ஏட்டில் நின்றனர். இருவரும் வழக்காடினர். 2025 சூனில் கேரள உயர்நீதிமன்றம் இருவரையும் பெற்றோர் என்னும் பொதுப்பெயரால் எழுதித்தருமாறு ஆணையிட்டது. இங்கிலாந்திலோ, திருநம்பி ஒருவர் மருத்துவத் துணையோடு கருவுற்று ஈன்றபோதும், ஈன்றவர் தாயே என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் துணிந்தது. பெற்றோர் என்பது பலர்பாற் சொல். அதனுள் ஆணும் அடங்குவர், பெண்ணும் அடங்குவர், எவர் ஈன்றார் என்னும் வினாவும் எழாது. இத்தகைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கு மன்றம்வரை செல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் எம் வியப்பு.

எம் கட்டுரையின் பொருளைக் கேட்ட விடுதித் தோழர் சிலர், 'இஃது இயற்கைக்கு முரணன்றோ' என்றனர். அவர்கட்கு யாம் நினைவூட்டுவது நம் ஆலயங்களில் நிகழ்வதையே. பல்லாண்டு பிள்ளையின்றி வருந்திய தம்பதியர் குழந்தையோடு வந்து நன்றிக் காணிக்கை படைக்கின்றனர். குழந்தை எந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் உருவாயிற்றென்று ஊரே அறியும். போதகர் அன்னாளின் பிரார்த்தனையைச் சொல்லி ஆசீர்வதிக்கின்றார். ஒருவரும் முரண் என்பதில்லை. 1978ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்னும் மருத்துவர், உறைவித்த கருவிலிருந்து ஒரு பெண்மகவு பிறக்கச் செய்தபோது அவரை நம்பினாரில்லை. அரசு அமைத்த குழுவும் எள்ளியது. 1981ஆம் ஆண்டில் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அன்று முரணென்று தோன்றியது இன்று நன்றிக் காணிக்கைக்கு உரியதாயிற்று. ஆய்வகத்தால் வரும் குழந்தை அண்டை வீட்டுத் தம்பதியர்க்கு ஆண்டவரின் ஈவு, அண்ணனுக்கு மட்டும் ஆண்டவர்க்கு விரோதம் என்பது எமக்கு விளங்கவில்லை.

வேறு சிலர் திருமறையையே எடுத்துவந்தனர். ஏசாயாவின் ஐம்பத்தாறாம் அதிகாரத்தில், தம் உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகர்க்குப் புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரைத் தம் ஆலயத்திலே தருவதாக ஆண்டவர் வாக்களிக்கின்றார். 'அப்பெயர் போதாதா?' என்பது அவர் வினா. அவ்வாக்கு பிள்ளையில்லாதவரைச் சபையினின்று தள்ளியவர்களை நோக்கி அளிக்கப்பட்டது. பிள்ளை பெறுதற்கு வழியுள்ளவரை வழியடைக்க அளிக்கப்பட்டதன்று. ஆறுதலாகச் சொன்னதை ஆணையாக மாற்றுதல் உரையாசிரியர்க்கு அழகில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரும் அண்ணகரே. நம் தமிழ்ச் சபைகளில் அவரை எத்தியோப்பிய மந்திரி என்றே அறிவோம். ஆதலின் அவர் யாரென்பது நம் பிரசங்கங்களில் மறைந்தே கிடக்கின்றது. அவரைத் தேரோடு நிறுத்தி, நீர் யாரென்று வினவிக்கொண்டு பிலிப்பு காலங்கழித்தாரல்லர்.

'அநாதைக் குழந்தைகள் பலர் இருக்க, ஆய்வகம் எதற்கு' என்பார் கூற்றில் அன்புண்டு. ஆனால் இவ்வறிவுரை மற்றைத் தம்பதியர்க்கு ஒருபொழுதும் கூறப்படாமல் திருநம்பியர்க்கே கூறப்படுகின்றது. மேலும் தத்தெடுப்பின் வாயிலும் அகன்றதன்று. தனித்து வாழும் ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுத்தல் ஆகாதென்பது நம் சட்டம். ஆணென்று சான்று பெற்ற அன்றே தனித்த திருநம்பிக்குப் பாதிக் கதவு அடைபட்டுவிடுகின்றது. இணையராய் எடுக்க விரும்புவார் இரண்டாண்டு நிலைத்த மணவாழ்க்கை உடையராதல் வேண்டும். மணத்தைப் பொறுத்தமட்டில் நிலை சிறிது தெளிந்துள்ளது. தூத்துக்குடியில் ஓர் ஆடவரும் திருநங்கையும் செய்துகொண்ட மணத்தைப் பதிய மறுத்தபோது, மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமும் 2023 அக்டோபரில், ஆண் பெண் உறவிலுள்ள திருநர் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணஞ்செய்தற்கு உரியர் என்றது.

வாடகைத் தாய்மையைப் பற்றி மட்டும் எமக்கு உற்சாகமில்லை. வறிய பெண்ணின் வயிற்றைக் கூலிக்குக் கொள்ளும் வணிகத்தை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது நன்றே; திருநம்பியர்க்காகவும் அதனைத் தளர்த்துமாறு யாம் வேண்டமாட்டோம். எம்மோடு இதில் மாறுபடும் தோழர் உளர். அவர் அடுத்த இதழில் எழுதுவாராக.

யாம் வேண்டுவது பெரிதன்று. கருத்தரிப்புச் சட்டத்தில் பெண் என்றிருக்கும் இடத்தில், கருமுட்டையுடைய எவரும் அடங்குமாறு சொல்லைத் திருத்துக. முட்டை சேமித்தற்கு மட்டுமேனும் வயதெல்லையைப் பதினெட்டாக்குக. அறுவைக்கு எழுதிவாங்கும் தாளில், பிள்ளைப்பேற்றைப் பற்றி இவரோடு பேசினோம் என்று மருத்துவர் கையொப்பமிட ஒரு வரி சேர்க்க. இவற்றுள் மூன்றாவதற்குப் பாராளுமன்றமும் வேண்டியதில்லை; ஒரு துறைத்தலைவர் நினைத்தால் நாளையே நடக்கும். எம் கல்லூரியிற் பயின்று மருத்துவராயுள்ள பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிக்கின்றனர் என்று அறிவோம். அவர்கட்கென்றே இவ்வரியை எழுதினோம்.

அண்ணனுக்கு இத்திருத்தங்களால் இனிப் பயனில்லை. அவரும் அண்ணியாரும் தத்தெடுக்கத் துணிந்துள்ளனர். வருகின்ற தையில் அவர்க்கு மணமாகி இரண்டாண்டு நிறையும். அவருடைய பள்ளிச் சான்று ஒரு பெயரிலும், வேலைச் சான்று வேறொரு பெயரிலும், ஞானஸ்நானப் பதிவேடு முதற்பெயரிலும் கிடக்கின்றன. பதிவேட்டைத் திருத்தித் தரலாகுமா என்று கேட்டற்கு அடுத்த ஞாயிறு போதகரிடம் செல்லவிருக்கின்றோம். விண்ணப்பத்தை எழுதித்தருவது எம் பொறுப்பு. அதில் 'மகள்' என்றிருப்பதை 'மகன்' என்று மாற்றவேண்டும் என்னும் வாக்கியத்தை இதுவரை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டோம். ஐந்தாம் முறை எழுதியது மேசைமேல் இருக்கின்றது.